காசித்தும்பைக்கு ஏன் நிழல்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பிடித்ததும் பாறைக் கசிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் காட்டுக் காசித்தும்பைகள் பூத்து நிற்கும். உச்சிவெயிலில் வைத்தால் துவண்டுவிடுகின்றனவே, ஏன்? தண்டில் மரத்தன்மை மிகக் குறைவு. செல்களுக்குள் நிறைந்த நீரின் அழுத்தம்தான் செடியை நிமிர்த்துகிறது. மெல்லிய இலைகள் இழக்கும் நீரை வேர் ஈடுகட்டாவிட்டால் சாய்ந்துவிடும். அதனால்தான் மரநிழலும், இலைமக்கு கலந்த ஈரமண்ணும். ஈரம் என்றால் சேறல்ல. நீர் தேங்கினால் தண்டு அழுகும்.

விதை சேர்ப்பதுதான் வேடிக்கை. முற்றிய காயின் ஐந்து சுவர்களும் விறைத்து நிற்கும். விரல் பட்டால் டப்பென்று சுருண்டு விதைகளை வீசிவிடும். முற்றுமுன்னே காயில் மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். காட்டுச் செடியை மட்டும் பிடுங்கி வராதீர்கள். பல இனங்களுக்கு அந்த மலையைத் தவிர வேறு இடமில்லை.