வயிற்றின் வியாதி இருதயத்தை எட்டும்போது

இரைப்பைப் புற்று ஈரலுக்குப் பரவும் விதத்தைச் சென்ற வாரம் கண்டோம். இருதயத்தையும் அது தீண்டுவதுண்டு என்றால், சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கூடும் முதியோரில் பலர் நம்பமாட்டார்கள். கோமதியம்மன் சந்நிதியின் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று, நெற்றியிலிட்டு, நீரில் கரைத்தும் அருந்துகிற அவர்களுக்கு, வயிற்று நோயாளி ஒருவர் நாலடி நடந்ததும் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டால், 'உடம்பில் ரத்தமில்லை' என்பதே உடனே தோன்றும் காரணம். அதிலே பாதி மெய். இரைப்பைப் புண்ணிலிருந்து இடைவிடாது கசியும் ரத்தம் சோகையை விளைவித்து இருதயத்தை விரட்டவே செய்கிறது. மறுபாதிதான் பலர் அறியாதது.

இருதயத்தைச் சூழ்ந்த ஈரடுக்கு உறையினுள்ளே, உராய்வைத் தவிர்க்கும் பொருட்டு, 15 முதல் 50 மில்லி வரை திரவம் இயல்பாகவே உண்டு. புற்றணுக்கள் நிணநீர்க் குழாய்களின் வழியே மார்பின் நடுவிலுள்ள கணுக்களை அடைந்து அங்கே வடிகாலை அடைத்துவிடுவதாலோ, அவ்வுறையிலேயே குடிபுகுவதாலோ, அந்தத் திரவம், பெரும்பாலும் ரத்தம் கலந்ததாய், பெருகத் தொடங்குகிறது. மெல்லப் பெருகினால் உறையும் மெல்ல விரிந்து ஒரு லிட்டர் வரைகூட இடங்கொடுக்கும். விரைந்து பெருகினாலோ 200 மில்லியே பிராணாபத்து. விரிய இடமின்றி இருதயம் நெருக்குண்ண, ரத்த அழுத்தம் தாழ்ந்து, கழுத்து நாளங்கள் புடைத்து, இருதய ஒலி மங்கிப்போகும். இம்மூன்றையும் ஒருசேர வைத்து 1935-இல் விளக்கியவர் கிளாட் பெக் என்ற அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர். நுரையீரல், ஸ்தனப் புற்றுகளில் இது அதிகம். இரைப்பைப் புற்றில் அபூர்வம்.

மூச்சிரைப்புக்கு இன்னொரு மார்க்கமும் உண்டு. புற்றுநோயாளியின் ரத்தம் நாளத்துக்குள்ளேயே உறையும் சுபாவமுடையது என்று பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஆர்மான் ட்ரூஸோ தம் மாணாக்கருக்குப் போதித்துவந்தார். 1867-இல் தம் நாளத்திலேயே அத்தகைய உறைவைக் கண்டு, உள்ளே புற்றிருப்பதாகத் தாமே நிர்ணயித்து, அவ்வாண்டிலேயே இரைப்பைப் புற்றுக்கு இரையானார். அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலின் ரத்தக்குழாயை அடைத்தால், இருதயத்தின் வலப்பாகம் தள்ள முடியாமல் தவிக்கும். தம் உடலையே பாடமாக வாசித்த அம்மனிதரின் நெஞ்சுரத்தை என்னென்பது!

நோயாளி படுக்கமாட்டாமல் இரவெல்லாம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ மதுரைக்கோ கொண்டுசென்று 'எக்கோ' எடுத்துப் பார்க்கவேண்டும். உறையில் நீர் நெருக்குவது தெரிந்தால், ஊசி செலுத்தி வடிப்பார்கள். சில நிமிஷங்களிலேயே மூச்சு தணிந்துவிடுவதுண்டு. வடித்த நீரைச் சோதித்துப் புற்றணு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மீண்டும் சேரக்கூடுமாதலால், மெல்லிய குழாயொன்றைச் சிலநாள் வைத்திருப்பதும் வழக்கம். முற்றிய வியாதிக்கு இனி ஊசி எதற்கு என்று கேட்கும் பந்துக்களின் விரக்தி புரிகிறது. ஆயினும் அதை நான் ஒப்புவதில்லை. வியாதி தீராதென்பது வாஸ்தவமே. மல்லாந்து படுத்து ஓர் இரவு உறங்குவதோ, அந்த நோயாளிக்கு அற்ப லாபமன்று.

புற்றை அழிக்கக் கொடுக்கும் ஃபுளூரோயூராசில் என்ற மருந்தே சிலருக்கு இருதய ரத்தக்குழாயைச் சுருங்கச்செய்யும் விபரீதத்தை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)