அம்மாவின் கொப்பி

ஓப்பநாயக்க தேயிலைத் தோட்டத்து லயத்தில் அம்மா ஒரு கொப்பி வைத்திருந்தார். கொழுந்து நிறுத்ததும் கணக்கப்பிள்ளை எழுதிய கிலோவைத் தானும் குறித்துக்கொள்வார். தோட்டத்தின் செக்ரோல் பதிவேடு பிழைத்தாலும் சம்பள நாளில் அவரிடம் கணக்கு இருக்கும்.

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். வலையமைப்போடு இணைந்திருந்த பேக்கப் நகல்களும் பூட்டுண்டன. அம்மாவின் கொப்பிபோலத் தனியே எடுத்துவைத்த நகல் இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. ஏறத்தாழ 5,000 கணக்குகள்! செய்தியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

நான் வேலைசெய்த இடமொன்றிலும் தரவுத்தளம் விழுந்த இரவில் பேக்கப்பைத் திறந்தோம். வெறுங்கோப்பு. மாதக்கணக்கில் யாரும் திறந்தே பார்த்திருக்கவில்லை. இப்போது மாதந்தோறும் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்கிறேன். அம்மா தினமும் மாலையில் கொப்பியைக் கூட்டிப் பார்ப்பார்.