அட்டைக்கு விலை வருமா?

உங்கள் வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையில் போக்கிமான் அட்டைகள் இருக்கின்றனவா? 1990களின் இறுதியில் ஜப்பானியச் சிறுவர் இதழ் ஒன்றின் ஓவியப் போட்டியில் பரிசாகத் தரப்பட்ட, பிகாச்சு என்ற போக்கிமானின் அட்டை, 2021-இல் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. தரச்சான்றில் அது பத்துக்குப் பத்து. மூலை லேசாக மழுங்கினாலே, ஓரத்தில் வெள்ளை தெரிந்தாலே மதிப்பெண் இறங்கிவிடும், விலையும் கூடவே சரியும்.

ஆனால் எல்லா அட்டையும் அப்படி ஆகாது. 2023-24 நிதியாண்டில் மட்டும் அச்சான போக்கிமான் அட்டைகள் சுமார் 1,190 கோடி! இப்படித்தான் 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகளை அளவில்லாமல் அச்சடித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் சல்லிக் காசு பெறுவதில்லை.

மாறாக, நம் ஊர்களில் பிள்ளைகள் ஆடித் தீர்த்த தீப்பெட்டிப் படங்களை அன்று யாரும் பத்திரப்படுத்தவில்லை. அதனால் அரிதாகிவிட்ட பழைய சிவகாசித் தீப்பெட்டி லேபிள்களைத் தேடி வாங்க இன்று சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே முதலீடு என்று நினைத்து அட்டையில் பணத்தைக் கொட்டாதீர்கள். பிள்ளைகள் ஆசைதீர விளையாடட்டும். பிடித்த நாலைந்தை மட்டும் உறையில் போட்டு, மழைக்கால ஈரம் படாமல் வைத்திருங்கள்.