தாயின் கூலியும் தூளியின் செலவும்

பெண்கள் வேலைக்குச் செல்லலாமா என்னும் பட்டிமன்றத் தலைப்பு நம் கல்லூரி மேடைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையேறினால் அத்தலைப்பு பொருளற்றதாகிவிடும். சாமையும் மரவள்ளியும் விளையும் அம்மலையில், தாய் உழைக்காத குடும்பத்தைத் தேடித்தான் காண வேண்டும். அங்கு எழும் வினா வேறு. குழந்தையை ஒருவரிடம் விட்டுச் சென்று உழைத்து வரும் தாயின் கையில், அக்காவலுக்கான செலவு போக எஞ்சுவது எவ்வளவு? சில மணி நேரத்தில் முடிவதாகவும், குழந்தையின் பசிக்கும் உறக்கத்திற்கும் இசைவதாகவும், காவற் செலவை மிஞ்சிய கூலி தருவதாகவும் உள்ள வேலை யாது? இதனையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

சென்னை போன்ற நகரங்களில் காப்பகத்திற்கு மாதக் கட்டணம் செலுத்தும் தாய்க்கு இக்கணக்கு எளிது. ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணைக் கழித்தால் போதும். மலையில் காவற் கட்டணம் ரூபாயாக வாங்கப்படுவதில்லை. கண் மங்கிய பாட்டியின் அலுப்பாகவும், மூத்த மகளின் பள்ளி நாளாகவும் அது வாங்கப்படுகிறது. நம் வகுப்பறையிலேயே இதன் நிழலைக் கண்டுள்ளோம். மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவியர் சிலர் அறுவடைக் காலத்தில் தொடர்ந்து விடுப்பெடுப்பர். காரணம் வினவினால், “தம்பியைப் பார்த்துக்க ஆளில்லைங்க ஐயா” என்பர். தொடக்கத்தில் நாம் சினந்ததும் உண்டு. தாய் அன்று ஈட்டிய கூலிக்கு மகளின் வருகைப் பதிவேடு ஈடாயிற்று என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று.

கூலி என்பதே இம்மலை மக்களுக்கு மிகப் பழைய செய்தியன்று. மலையாளிகள் எனப்படும் இப்பழங்குடியினர் 1976 வரை மூன்று ஜாகீர்களின் ஆட்சிக்குட்பட்டிருந்தனர். ஜாகீர்தாருக்குக் கூலியின்றி உழைப்பது கடமையாகக் கருதப்பட்ட காலம் அது. இன்று மலையில் வேலை போதாமையால் கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் தோட்டங்களுக்குக் குடும்பங்கள் பெயர்கின்றன. கூலி கூடுதல்தான். ஆயினும் பிள்ளையை உடன் அழைத்துச் சென்றால் படிப்பு போகிறது; உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுச் சென்றால் தாய் முகம் காணாமல் மாதங்கள் கழிகின்றன. கைக்குழந்தையோ எந்தப் பள்ளியிலும் சேராது.

அவ்வாறாயின் வீட்டிலிருந்தே செய்யும் வேலை நன்றன்றோ எனச் சிலர் கேட்கலாம். புளி தட்டிக் கொட்டை நீக்குதல் இத்தகையது. வட ஆர்க்காட்டிலும் நெல்லையிலும் நம் இல்லங்களில் நாம் அறிந்த பீடி சுற்றுதலும் இத்தகையதே. குழந்தை கண் முன்னே இருப்பதால் காவற் செலவு இல்லை என்று தோன்றும். அத்தோற்றம் உண்மையன்று. புளிக்குக் கிலோக் கணக்கிலும், பீடிக்கு ஆயிரம் எண்ணிக்கைக்கும் கூலி. குழந்தை அழும்போதெல்லாம் கை நிற்கிறது. கை நின்றால் கூலியும் நிற்கிறது. வெளியே செல்ல இயலாதவள் எவ்விலைக்கும் இசைவாள் என்பதைக் கொள்முதல் செய்பவரும் அறிவார். காவற் செலவு மறைந்துவிடவில்லை. குறைந்த கூலிக்குள் ஒளிந்துகொண்டது. புகையிலைத் தூளையும் புளித் தூசையும் மூச்சில் ஏற்கும் குழந்தையின் கணக்கு தனி.

இவற்றோடு ஒப்பிட, நூறு நாள் வேலை என மக்கள் வழங்கிய திட்டம் நம் ஆய்வுக்கு உரிய இடமாகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாயிருத்தல் வேண்டும் என்றது. தமிழகத்திலோ வேலை நாட்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை பெண்களுக்கே சென்றன. காரணம் வெளிப்படை. வேலை ஊர் ஏரியிலும் ஓடையிலும் கிடைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேண்டிய நாளில் செல்லலாம், வேண்டாத நாளில் நிற்கலாம்.

இச்சட்டத்தின் அட்டவணையில் பலரும் கவனியாத விதியொன்று இருந்தது. வேலைத்தளத்திற்கு வரும் பெண்களுடன் ஐந்தோ அதற்கு மேலோ ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள் வரின், அப்பெண்களுள் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும். அவருக்கும் நாட்கூலி வழங்க வேண்டும். இதன் நுட்பத்தை எண்களால் காண்போம். 2025-26இல் தமிழகத்திற்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி ரூ.336. செய்த வேலையை அளந்தே கூலி என்பதால் முழுத் தொகையும் கைக்கு வந்ததென்று கொள்ளவேண்டாம். கணக்கிற்காக அதனையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாய் தன் ஒரு குழந்தைக்கென ஒருத்தியை அதே கூலிக்கு வைத்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. ஐந்து தாய்மார் சேர்ந்து ஒருத்தியை அமர்த்தினால் ஒவ்வொருவருக்கும் செலவு 67 ரூபாய். எஞ்சுவது 269 ரூபாய். அச்செலவை அரசே ஏற்றால் 336ம் தாய்க்கே உரியது. மேலும், பார்த்துக்கொள்பவளும் அவ்வூர்ப் பெண்ணே ஆதலின் அவளுக்கும் ஒரு நாள் வேலை கிடைக்கிறது. வரப்போரப் புளிய மரத்தில் தூளி கட்டி, மண் சுமந்துகொண்டே ஒரு கண்ணை அங்கே வைத்திருக்கும் நிலை மாறுகிறது.

ஏட்டிலிருந்த இவ்விதி களத்திற்கு அரிதாகவே வந்தது. கேட்க வேண்டும் என்பதே தாய்மார் பலர்க்குத் தெரியவில்லை. இப்போது 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியுள்ளது. வேலை நாட்கள் 125 என உயர்ந்தன. எனினும் வேளாண் பருவத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் அதில் இடமுண்டு. உழவர்க்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நம் மாணவியர் விடுப்பெடுப்பதும் அவ்வறுவடைக் காலத்தில்தான் என்பதை நினைந்து சற்றே கவலை கொள்கிறோம். தனியார் நிலத்தில் குழந்தைக்குக் காவல் அமர்த்தச் சொல்லும் விதி ஏதுமில்லை.

2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்று அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. சமைப்போர் மகளிர் சுய உதவிக் குழுவினர். அப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் தாய்மார். விடியலில் தொடங்கும் வேலை, வகுப்பு மணி அடிக்குமுன் முடிகிறது. தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருப்பதால் காவற் செலவு எழுவதேயில்லை. ஏனைய தாய்மார்க்கும் விடிகாலை அடுப்பு வேலை குறைகிறது. ஊதியம் சிறிது என்பது உண்மை. ஆயினும் தாயின் நாளை அளந்து தைத்த சட்டை போன்றது இவ்வேலை. மலையின் சாமை அவ்வடுப்பிலேயே பொங்கலானால் மலை உழவர்க்கும் பயனுண்டு.

எஞ்சி நிற்கும் இடைவெளி கைக்குழந்தையுடையது. நம் அங்கன்வாடிகள் இரண்டு வயதிற்குப் பின்னரே முன்பருவக் கல்விக்குக் குழந்தையை ஏற்கின்றன. ஆலைகளுக்கோ 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஐம்பது பேர் பணியாற்றும் நிறுவனங்களுக்கும் அதை விரித்தது. ஐம்பது பேர் ஒரு கூரையின் கீழ் உழைக்கும் இடம் கல்வராயன் மலையில் எங்குளது? தில்லியில் 1969இல் மீரா மகாதேவன் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய நடமாடும் காப்பகங்களே இதற்கு ஏற்ற முன்மாதிரி எனலாம். வேலை நடக்குமிடத்திற்கே காப்பகம் சென்றது.

இதில் காலத்தாழ்வு கூடாது என்பதற்குக் கள்ளக்குறிச்சி நகரமே சான்று. 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் கருணாபுரத்திலும் சுற்றிலும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூலி உழைப்பாளரே மிகுதி. அவ்வீடுகள் சிலவற்றில் அன்று முதல் ஈட்டுபவரும் தாயே, பார்த்துக்கொள்பவரும் தாயே.

ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊர் செல்லும் நம் மாணவியர் அங்குக் கேட்க வேண்டியவை இரண்டே. வேலைத்தளத்திற்கு வரும் குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் பணித்தளப் பொறுப்பாளரின் பதிவேட்டில் ஏறியுள்ளதா?