பட்டம் வாங்கியாச்சு சார், அடுத்து?

கீழ்ப்புத்துப்பட்டு என்றால் எங்கள் பக்கத்தில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில்தான் எல்லோருக்கும் தெரியும். வானூரிலிருந்து கடலைப் பார்த்துக் கிழக்கே போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் வந்துவிடும். பொங்கல் வைக்க வேனில் வந்து இறங்குகிற கூட்டத்தில் பலருக்கு, இதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது தெரியாது. நான் இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். முகாம் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகும் மாலை வேளைகளில் அவர்களோடுதான் அல்ஜீப்ரா.

அகதிகளுக்கு உதவி என்றவுடன் தொலைக்காட்சியில் பார்த்த சூடானும் காங்கோவும் நினைவுக்கு வரும். லாரியில் மாவு மூட்டை, நீலத் தார்ப்பாய், தண்ணீருக்கு வரிசை. அதெல்லாம் முதல் ஆறு மாதத்துக் கதை. போர் துரத்திய குடும்பம் ஒரே இடத்தில் முப்பது வருடம் தங்கிவிட்டால் அதற்கு என்ன உதவி தேவை? ட்யூஷன், தேர்வுக் கட்டணம், சாதாரணச் சான்றிதழ் ஒன்றை வாங்கித் தர ஓர் ஆள். படம் பிடிக்க இதில் ஒன்றும் இல்லை என்பதால் யாரும் பேசுவதில்லை.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்துத்தான் படகுகள் வரத் தொடங்கின. 1987 வரை வந்தவர்கள் மட்டும் 1,34,000 பேர். 1990-இல் மறுபடி பெரிய அலை, பிறகு 1995, பிறகு 2006. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் பதிந்து, மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார்கள். வந்தவர்களில் சிலரே 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் அதை நடத்தினார். கழகத்தின் ஏற்பாட்டில், முகாமில் பன்னிரண்டாவது முடித்த பெண் அதே முகாமின் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வாள். அவளுக்குக் கொஞ்சம் ஊக்கத்தொகை. வெளியிலிருந்து ஆள் வைத்து நடத்தும் எந்தத் திட்டத்தையும்விட இது நிலைத்தது என்பது என் கணிப்பு. 2004 சுனாமியின்போது இந்த அகதிகளே நம் மீனவக் கிராமங்களுக்கு உதவப் போனார்கள். அதை நாம் மறந்துவிட்டோம்.

நடுவில் ஓர் இருட்டு உண்டு. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலை செய்யப்பட்ட பிறகு, அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத பிள்ளைகள் தலையிலும் அது விடிந்தது. உயர்கல்விக்கு இருந்த ஒதுக்கீடு நின்றது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போக முடியாமல் போயிற்று. 1996-க்குப் பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது. இடையில் படிப்பை விட்டவர்கள் பெயின்ட் வேலைக்குப் போனார்கள். இன்றும் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றால் முகாமிலிருந்து ஆள் கூப்பிடுங்கள் என்பார்கள். வேலை சுத்தமாக இருக்கும் என்பது உண்மைதான்.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தார். அப்போது சொல்லப்பட்ட கணக்கு: 108 முகாம்களில் 58,822 பேர். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த பணக்கொடையை 1,500 ஆக்குவது, பொறியியல் படிப்புக்குத் தேர்வாகும் முதல் 50 பேரின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்பது என்று நீண்ட பட்டியல். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்துக் கிடந்ததைப் பார்த்தவனுக்குத்தான் வீட்டின் அருமை தெரியும். அந்த அறையில் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, எல்லோரும் தூங்கிய பிறகு வாசல் விளக்கில் உட்கார வேண்டும்.

ஆக, பள்ளிக்கூடம் கிடைத்தது, கல்லூரியும் கிடைத்தது. என்னிடம் படித்த ஒரு பையன் மெக்கானிக்கல் முடித்தான். நல்ல மதிப்பெண். நேர்முகத் தேர்வில் தேறிவிடுவான், தாள்களைக் கேட்கும்போது நின்றுவிடும். "பட்டம் வாங்கியாச்சு சார், அடுத்து?" என்று கேட்டான். இப்போது அப்பாவோடு பெயின்ட் வேலைதான். அவன் அம்மா திருகோணமலைக்காரர். "படிச்சும் இதுதானெண்டா, சின்னவன் ஏன் சேர் படிக்கோணும்?" என்றார். தம்பி அப்போது பத்தாவது. நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

அவனைத் தடுப்பது குடியுரிமை. அதில் சட்டம் சொல்வது இதுதான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் இந்த விதியைப் பிடித்து நீதிமன்றம் போய், 2024 தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டாலும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. பயம் குறைந்தது, குடியுரிமை வரவில்லை. வானூரில் பிறந்து, வானூரில் படித்த பிள்ளைக்கு நாடு எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆப்பிரிக்காவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோமே, அங்கே உகாண்டா 2006-இல் போட்ட சட்டம் அகதிகளுக்கு வேலை செய்யவும் ஊர் விட்டு ஊர் போகவும் உரிமை தருகிறது. பயிர் வைக்க நிலமும் ஒதுக்கினார்கள். கென்யாவின் ககுமா முகாமில் படித்தவர்களைக் கனடாப் பல்கலைக்கழகங்கள் அழைத்துக்கொள்கின்றன. கனடா மாணவர்கள் தங்கள் கட்டணத்தோடு சிறு தொகை சேர்த்துக் கட்டி அந்தச் செலவைத் தாங்குகிறார்கள். 1978-இல் தொடங்கிய ஏற்பாடு இது. நம்மைவிட ஏழை நாடும் செய்கிறது, பணக்கார நாட்டு மாணவரும் செய்கிறார்.

குடியுரிமை டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம். வேலை அப்படி இல்லை. திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முகாம் முகவரியோடு விண்ணப்பம் வந்தால் அதை ஓரமாக வைத்துவிடாதீர்கள். அரசு கொடுத்த அடையாள அட்டை அந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள், கேட்டுவிட்டு வேலை கொடுங்கள்.