லாரிக்குப் போட்ட ரோடு, சைக்கிளுக்குக் கிடைச்ச வரம்: கறுப்பு வனத்தில் கிராவல் பைக்கிங்

எம்.எஸ். படிக்க ஜெர்மனி போற சீனியர்களில் சிலர் கார்ல்ஸ்ரூ போறாங்க, சிலர் ஃப்ரைபுர்க் போறாங்க. இந்த ரெண்டு ஊருக்கும் பக்கத்துலயே ஒரு பெரிய மலைக்காடு இருக்கு. ஜெர்மன்ல ஷ்வார்ட்ஸ்வால்ட், நம்ம பாஷையில கறுப்பு வனம். வடக்கு தெற்கா சுமார் 160 கி.மீ. நீளம். உயரமான சிகரம் ஃபெல்ட்பெர்க், 1,493 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவை விட ஆயிரம் மீட்டருக்கு மேல குட்டைதான். ஆனா அந்தக் காட்டுக்குள்ள கார், பைக், பஸ் எதுவுமே குறுக்க வராம நாள் முழுக்க சைக்கிள் ஓட்டலாம். அது எப்படி சாத்தியம், அதுக்கு என்ன மாதிரி வண்டி வேணும், அங்க என்ன விதிமுறை, இதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

ரோடு யாருக்காகப் போட்டாங்க?

நமக்காக இல்லைங்க, மரத்துக்காக. கறுப்பு வனம் பெரும்பாலும் மரம் வளர்த்து வெட்டுற காடு. வெட்டின மரத்தை ஏத்த 40 டன் லாரி காட்டுக்குள்ள வரணும். அதுக்காகப் போட்டவைதான் இந்தக் காட்டுப் பாதைகள். அகலம் பெரும்பாலும் 3 மீட்டருக்கு மேல. பாரம் ஏத்தின லாரி இறங்கணும் என்பதால சரிவைப் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள்ள வைக்கப் பார்ப்பாங்க. மலையை நேரா ஏறாம, பக்கவாட்டுல சுத்திச் சுத்தி ஏறும்.

தார் கிடையாது. உடைச்ச கல்லை அடுக்கு அடுக்காப் போட்டு, மேல பொடிக்கல்லையும் மண்ணையும் பரப்பி, ஈரம் சேர்த்து ரோலர் ஓட்டி இறுக்குவாங்க. கல்லைப் பிடிச்சு வைக்கிறது அந்தப் பொடியும் ஈரமும்தான். சிவில் மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் தண்ணி மேலாண்மை. ரோட்டோட நடுப்பகுதி கொஞ்சம் மேடா இருக்கும். ஓரத்துல வாய்க்கால், அங்கங்க அடியில குழாய். மழைத்தண்ணி ரோட்டு மேல ஓட ஆரம்பிச்சா முதல்ல பொடி அடிச்சுட்டுப் போகும், அப்புறம் கல் பெயரும். அவ்வளவுதான், ரோடு காலி.

மேல முகட்டுல பாடன் பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரைக்கும் பி500 என்ற தார்ச்சாலை போகுது. காட்சி அருமை, ஆனா வார இறுதியில மோட்டார் சைக்கிள்காரங்க கூட்டம் அள்ளும். அதை விட்டு விலகிக் காட்டுப் பாதையில இறங்கிட்டா சீக்கிரமே சத்தம் அடங்கிடும்.

கார் ஏன் வராது?

பல பாதைகளோட வாசல்ல ஒரு வட்டப் பலகை இருக்கும். சிவப்பு வளையம், உள்ளே மோட்டார் சைக்கிள் படமும் கார் படமும். பலகை இல்லாட்டியும் அனுமதி இல்லாம மோட்டார் வண்டி காட்டுக்குள்ள போகக் கூடாது. வனத்துறை வண்டி, மரம் ஏத்துற லாரி, வேட்டை உரிமை உள்ளவங்க வண்டி இதெல்லாம் வரலாம். அதனால "டிராஃபிக் இல்ல"ன்னா வண்டியே இல்லன்னு அர்த்தமில்ல. வளைவுல எதிர்ல ஒரு லாரி நிக்கலாம் என்ற நினைப்போடதான் ஓட்டணும்.

மனுஷங்களுக்கான சட்டம் இன்னும் சுவாரசியம். 1975-ல வந்த ஜெர்மன் கூட்டாட்சி வனச் சட்டப்படி, ஓய்வுக்காகக் காட்டுக்குள்ள போறது எல்லாருக்கும் உள்ள உரிமை. தனியார் காடா இருந்தாலும் சரி. சைக்கிள் ஓட்டலாம், ஆனா பாதையில மட்டும், சொந்தப் பொறுப்புல. கறுப்பு வனம் இருக்கிற பாடன் வுர்ட்டெம்பெர்க் மாநிலம் இன்னொரு நிபந்தனை வச்சிருக்கு: 2 மீட்டரை விடக் குறுகலான காட்டுப் பாதையில பொதுவா சைக்கிள் ஓட்டக் கூடாது. விதிவிலக்கா அனுமதிச்ச சில தடங்கள் உண்டு.

இந்த 2 மீட்டர் விதி மேல அங்க பல வருஷமா சண்டை நடக்குது. குறுகலான ஒத்தையடிப் பாதைதான் மவுண்டன் பைக்கோட உயிரே, அதையே தடுத்தா எப்படின்னு ஒரு பக்கம். நடக்கிறவங்க பயமில்லாம நடக்க ஒரு இடமாவது வேணாமான்னு இன்னொரு பக்கம். நடக்கிறவங்க தரப்பும் சாதாரணமானது இல்ல. 1864-ல தொடங்கின கறுப்பு வனச் சங்கம்தான் ஜெர்மனியோட மிகப் பழைய மலைநடைச் சங்கம். அவங்க 1900-ல அமைச்ச மேற்கு வழி என்ற நடைபாதை இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. இந்தச் சண்டையில சத்தமில்லாம லாபம் அடைஞ்சது கிராவல் பைக்தான். லாரிப் பாதை 2 மீட்டரை விட அகலம், அதனால சட்டச் சிக்கலே இல்ல.

வண்டிக்குள்ள இருக்கிற கணக்கு

கிராவல் பைக் பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும், வளைஞ்ச ஹேண்டில்பாரோட. முக்கியமான வித்தியாசம் மூணு: டயர், கியர், பிரேக்.

டயர்: அகலம் 40 முதல் 45 மி.மீ. காத்து குறைவு. பின்சக்கரத்து மேல 50 கிலோ பாரம்னு வைப்போம், அதாவது சுமார் 490 நியூட்டன். 85 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல தரையைத் தொடுற பரப்பு தோராயமா 8 சதுர செ.மீ. 35 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினா 20 சதுர செ.மீ. பிடிப்பு கூடுறது மட்டுமில்ல, சின்னக் கல் வரும்போது டயர் உள்வாங்கிக்கும். டயர் கல்லா இருந்தா ஒவ்வொரு கல்லுக்கும் நீங்களும் சைக்கிளும் சேர்ந்து மேல தூக்கப்படுவீங்க. அந்த சக்தி உங்க கால்ல இருந்துதான் போகுது. அதனால கரடான தரையில காத்தை அளவாக் குறைச்சா வேகம் கூடும்.

கியர்: நீங்களும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. 8 சதவீத ஏத்தத்துல மணிக்கு 8 கி.மீ. வேகத்துல ஏறணும்னா புவியீர்ப்புக்கு மட்டும் சுமார் 148 வாட், உருளும் உராய்வோட சேர்த்து 170 வாட் பக்கம். இதே வேகத்துல 34 பல் முன், 28 பல் பின் உள்ள ரேஸ் கியர்ல பெடல் நிமிஷத்துக்கு 50 சுத்துதான் வரும், முட்டி கெஞ்சும். 30 முன், 34 பின் போட்டா கிட்டத்தட்ட 69 சுத்து. பவர் அதேதான், ஆனா ஒவ்வொரு மிதிக்கும் விசை குறையுது. நாலு மணி நேரம் ஏறும்போது இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

பிரேக்: 500 மீட்டர் உயரம் இறங்கினா வெளியேற வேண்டிய சக்தி சுமார் 417 கிலோஜூல். 1.3 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காத்து எடுத்துக்கும், மிச்சம் பிரேக்ல வெப்பமா மாறும். அதனால டிஸ்க் பிரேக். இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வராம, நேர்ப்பகுதியில நல்லாப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு வளைவுல விட்டுடுங்க. லாரிச் சக்கரம் போன தடத்துல கல் இறுகியிருக்கும், தடத்துக்கு வெளியே உதிரியா கிடக்கும். வழுக்குறது பெரும்பாலும் அந்த உதிரிக்கல்லுலதான்.

இதுக்காகப் புது கிராவல் பைக்தான் வாங்கணும்னு இல்ல. அங்க செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கிற ட்ரெக்கிங் சைக்கிள்ல 40 மி.மீ. டயர் ஏறினா ஆரம்பத்துக்கு அதுவே தாராளம்.

ஏத்தத்தை ரயிலுக்கு விடலாம்

கார்ல்ஸ்ரூவிலிருந்து எஸ்1 ரயில் நேரா பாட் ஹெர்ரன்ஆல்ப் போகும். இறங்கினா சுத்தியும் காடு. இன்னும் தெற்கே ஓஃபன்பர்க்கிலிருந்து போற கறுப்பு வன ரயில்பாதை 1873-ல முழுசா திறந்தது. ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர் சுமார் 650 மீட்டர் உயரத்தை 39 சுரங்கங்கள் வழியா, சரிவு 2 சதவீதத்தைத் தாண்டாம ஏத்தினார். வழி? பாதையை வளைச்சு வளைச்சு நீளமாக்கினார். லாரிப் பாதை சுத்திச் சுத்தி ஏறுறதும் இதே தத்துவம்தான். சைக்கிளோட மேல போய், காட்டு வழியா இறங்கி வரலாம். சைக்கிளை ஏத்துற நேரமும் கட்டணமும் ரயிலுக்கு ரயில் மாறும், முன்னாடியே பார்த்துக்கோங்க.

இன்னொரு தகவல்: பெடல் இல்லாத முதல் இருசக்கர வண்டியை உருவாக்கி, 1817 ஜூன் 12 அன்னைக்கு மன்ஹைம்ல ஓட்டிக் காட்டின கார்ல் ட்ரைஸ், கார்ல்ஸ்ரூவில பிறந்தவர். வேலை? பாடன் அரசில வன அதிகாரி!

காட்டுல கடைப்பிடிக்க வேண்டியவை

- மரம் வெட்டுறதா பலகையோ பட்டையோ குறுக்க இருந்தா திரும்பிடுங்க. "சும்மா எட்டிப் பார்ப்போம்" வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஆள் இல்லாட்டியும் பாதி சாய்ஞ்ச மரம் இருக்கும்.
- ஓரத்துல அடுக்கின மரக்கட்டைகள் மேல ஏறாதீங்க. அது உருளும்.
- நடக்கிறவங்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைச்சு, மணியடிச்சு, வணக்கம் சொல்லிட்டுப் போங்க. குதிரை வந்தா நின்னு வழி விடுங்க.
- இருட்டினதும் காட்டை விட்டு வெளியே வந்துடுங்க. கேப்பர்கெய்லி என்ற பெரிய தரைப்பறவை அங்க குறைஞ்சுக்கிட்டே வருது. குளிர்காலத்துல அதை எழுப்பி விரட்டினா அதோட சேமிப்புச் சக்தி வீணாகும்.

நம்ம ஊர்ல முடியுமா?

படிச்சதும் எல்லாருக்கும் நீலகிரி, கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். ஆனா சட்டம் தலைகீழ். இங்க காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நுழையறதே குற்றம். இந்தியாவோட முதல் வனத்துறைத் தலைவர் டீட்ரிச் பிராண்டிஸும் ஜெர்மன்காரர்தான், 1864-ல பொறுப்பேத்தவர். இருந்தும் அங்க காடு எல்லாரும் உலாவுற இடம், இங்க பூட்டின இடம். அதுல நியாயமும் உண்டு. அங்க யானையும் புலியும் இல்ல. இங்க ஒரு வளைவுல சத்தமில்லாம வர்ற சைக்கிள், யானைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. அதனால ரீல்ஸ் பார்த்துட்டு மாஞ்சோலை, முதுமலைப் பக்கம் தனியாக் கிளம்பாதீங்க.

அதே சமயம் கறுப்பு வனத்துல இருந்து ஒண்ணு எடுத்துக்கலாம். அங்க யாரும் சைக்கிளுக்குன்னு காட்டை வெட்டி ரோடு போடல. இருந்த ரோட்டை, யார் எப்போ எப்படிப் பயன்படுத்தலாம்னு எழுதி வச்சு, அதைப் பெரும்பாலானவங்க மதிக்கிறாங்க. நம்ம ஊர்ல ஏரிக்கரைப் பாதை, கால்வாய்க் கரைப் பாதைன்னு யானை வராத மண்பாதைகள் ஏராளம். பொதுப்பாதைதானான்னு உள்ளூர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு, டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கி, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.