குற்றவாளிக் கூண்டில் ஒரு வேற்றுமை

ஜெர்மன் படிக்கப் போனவர்களை ஆரம்பத்திலேயே மிரட்டும் சொல் ‘அக்குசாட்டிஃப்’. வேறொன்றுமில்லை, நம் இரண்டாம் வேற்றுமைதான். ‘கண்ணன் குடத்தை உடைத்தான்’ என்பதில் வரும் ‘ஐ’. அந்த ஜெர்மன் பெயருக்கு மூலச்சொல் ‘அக்குசாட்டிவுஸ்’ என்ற லத்தீன் பெயரடை. அதற்குப் பொருள், ‘குற்றம் சாட்டுகிற’. உடைத்தவன் கண்ணன், குடம் என்ன பாவம் செய்தது?

கிரேக்க இலக்கணிகள் இந்த வேற்றுமையை ‘அய்டியாட்டிகே’ என்றார்கள். ‘அய்டியா’ என்றால் காரணம். பழி என்றும் பொருள் உண்டு. வினையால் விளைந்த பொருளைக் குறிக்கவே அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. ரோமாபுரியின் பேரறிஞர் வர்ரோ (கி.மு. 116–27) ‘லத்தீன் மொழி பற்றி’ என்ற நூலில் பழியின் பக்கம் சாய்ந்து, ‘குற்றஞ்சாட்டும் வேற்றுமை’ என்று எழுதினார். 25 பாகங்கள் கொண்ட அந்த நூலில் இன்று எஞ்சியிருப்பவை 6. பெயர் மட்டும் அழியவில்லை. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் இலக்கணம் கற்பித்த பிரிஸ்கியன், காரணத்தைச் சுட்டும் ‘காவுசாட்டிவுஸ்’ என்ற மாற்றுப் பெயரையும் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

வர்ரோவை இதற்காகக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. லத்தீனிலும் ‘காவுசா’ என்பது காரணம், வழக்கு இரண்டையும் குறிக்கும். குற்றஞ்சாட்டும் வினைச்சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். ரஷ்ய மொழியில் இந்த வேற்றுமையின் பெயர் ‘வினீதெல்னி’. ‘வினா’ என்றால் அங்கே குற்றம், பழைய ஸ்லாவிய மொழியில் காரணமும்கூட. நாம் மட்டும் என்ன, ‘இதுக்கெல்லாம் யார் காரணம்?’ என்று கேட்கும்போது விளக்கமா கேட்கிறோம்?

நன்னூலார் இரண்டாம் வேற்றுமையின் பொருள்களில் முதலாவதாக வைப்பது ‘ஆக்கல்’. ‘குடத்தை வனைந்தான்’ என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. வனைந்ததால் உண்டானது குடம். கிரேக்கர் மனதில் இருந்ததாகச் சொல்லப்படும் பொருளும் கிட்டத்தட்ட இதுதான். பெயர் வைக்கும் வம்பே நமக்கு வேண்டாம் என்று, உருபாலும் எண்ணாலும் சுட்டிவிட்டுப் போனார்கள் நம்மவர்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனாலும் அந்தப் பெயர் நம்மையும் விடவில்லை. தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. தமிழ்ப் பெயர்ச்சொற்களை அவர் லத்தீன் வேற்றுமைப் பெயர்களின் கீழேயே வரிசைப்படுத்தினார். நம் ‘ஐ’யும் அப்படித்தான் கூண்டில் ஏறியது.